பத்துக்குப் பத்து வாங்கிய முழங்கால்வலி

துடியலூர்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி நாச்சிமுத்து அவர்களுக்கு, நஞ்சுண்டன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சாமியாத்தாளும் என்னுடைய இரண்டு புது முழங்கால்களும் சுகம். அங்கே நீங்கள், சம்பந்தியம்மா, தென்னை, மாடு கன்று எல்லாம் சுகமாயிருக்க ஆனைமலை மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மோட்டார் போடப் போய்விடுவீர்கள், நான் பாதிக் கதையை உங்கள் வேப்பமரத்திடம் சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். உங்கள் மகள் மோகனப்பிரியாவை, அதாவது எங்கள் மருமகளை, அவள் நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நான் போய் வம்பிழுத்து அழ வைத்துவிட்டதாக உங்கள் அன்னூர்ப் பக்கம் ஒரு பேச்சு உலவுகிறதாம். அழுதாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஆஸ்பத்திரியில் இல்லை, எங்கள் வீட்டுச் சமையலறையில். அந்த அழுகை எப்பேர்ப்பட்ட வெற்றியில் போய் முடிந்தது என்பதையும், அந்த வெற்றியில் இந்த நஞ்சுண்டனுக்கு எவ்வளவு பங்கு என்பதையும் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதம் எனக்கு இடது முழங்காலை மாற்றினார்கள் அல்லவா, மருமகள் வேலை செய்யும் அதே வார்டில்தான் படுத்திருந்தேன். ஆபரேஷன் ஒன்றும் பெரிய விஷயமில்லை சம்பந்தி, மயக்கத்தில் கிடக்கிறோம், நடப்பது நடக்கிறது. மறுநாள் காலையில் பிசியோதெரபிக்காரர் வந்து அந்தக் காலைப் பிடித்து மடக்குகிறார் பாருங்கள், அதுதான் கொடுமை. நானும் ஆயுசு முழுக்க மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தவன், துருப்பிடித்த போல்ட்டைக்கூட அவ்வளவு இரக்கமில்லாமல் திருகியதில்லை. இந்த மடக்குகிற வலியைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது என்று மோகனப்பிரியா எங்கெங்கோ நர்சுகள் செய்த ஆராய்ச்சிகளையெல்லாம் படித்து வைத்திருந்தாள். மடக்குவதற்கு முன்னால் முழங்கால் மேல் கொஞ்ச நேரம் ஐஸ் பை வைக்க வேண்டும், அவ்வளவுதான். "அப்புறமென்ன அம்மணி, வெச்சுப்போடு" என்றேன். "படிச்சதை அப்படியே கொண்டாந்து வெச்சுப்போட முடியாதுங்க மாமா. ஒரு ஆராய்ச்சியில நல்லா வந்திருக்கும், இன்னொண்ணுல வந்திருக்காது. ஆருக்குச் செஞ்சாங்க, எப்படிச் செஞ்சாங்கன்னு பாக்கோணும். நம்ம வார்டுக்கு ஒத்து வருதான்னு தெரிஞ்சாத்தானுங்க எல்லாருக்கும் செய்யலாம்" என்றாள். நர்சுகளுக்கெல்லாம் தலைவி பத்மாவதி மேடம். அவரிடம் அனுமதி வாங்கி, பாதிப் பேருக்கு ஐஸ் பை வைத்து மடக்குவது, பாதிப் பேருக்கு எப்போதும்போல மடக்குவது, இரண்டு பக்கத்தாரிடமும் வலி எவ்வளவு என்று கேட்டு எழுதுவது என்று ஏற்பாடு. கணக்கு நன்றாக வந்தால் இனி அந்த வார்டில் எல்லா முழங்காலுக்கும் ஐஸ். இல்லாவிட்டால் அத்தோடு சரி.

என்னை அதில் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டாள். "சொந்தக்காரங்களைச் சேர்த்தா ஒருபக்கமாப் போயிருமுங்க மாமா" என்றாள். எனக்கு மனசு சுருக்கென்றது. மருமகள் ஒரு நல்ல காரியம் செய்யும்போது மாமனார் கையைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பதா? வெளியிலிருந்து ஆதரவு கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

வலியைக் கேட்டு எழுதும் வேலையைத் தான் செய்தால் சரியாகாது என்று ஹாரிகா என்கிற தெலுங்குக்காரப் பெண்ணிடம் கொடுத்திருந்தாள். தங்கமான பெண். அவள் ஒவ்வொரு கட்டிலாகப் போய், "வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்டாள். சுவரில் ஒட்டிய தாளிலும் 'வலி மதிப்பெண்' என்றுதான் கொட்டை எழுத்தில் இருந்தது. நீங்களே சொல்லுங்கள் சம்பந்தி, மார்க் என்றால் என்ன? நன்றாகச் செய்தவர்களுக்குப் போடுவதுதானே மார்க்? விருந்துக்குப் போன இடத்தில் குழம்பு உப்புக் கரித்தாலும் "அருமைங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் நாம். முகத்துக்கு நேராக ஒரு பெண் பிள்ளை கேட்கும்போது குறைத்துப் போட மனசு வருமா? பக்கத்துக் கட்டிலில் நிஜாம் பாய், உக்கடத்தில் டயர்க்கடை வைத்திருப்பவர். "ஏனுங்க பாய், ஐஸ் வெச்சாங்களே, எப்படீங்க?" என்று கேட்டேன். "சொகமா இருந்துச்சுங்க, மடக்குனதே தெரியலீங்க" என்றார். "அப்பப் பத்துக்குப் பத்து போட்டுருங்க. நம்ம மருமகதானுங்க" என்றேன். அவரும் பெரிய மனசோடு போட்டார். ஐஸ் வைக்காமல் மடக்கியவர்கள் முனகிக்கொண்டு கிடந்தார்கள். அவர்களிடம், "உங்களுக்கு ஒண்ணுமே செய்யலையே, எதுக்குங்க மார்க்கு? சும்மா முகத்துக்காக ரெண்டு போடுங்க" என்றேன். நான் வீட்டுக்கு வந்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. போகிறவர் வருகிறவருக்குச் சொல்ல, கட்டிலுக்குக் கட்டில் பரவிவிட்டது. பஞ்சாயத்துத் தேர்தலில்கூட இவ்வளவு ஒற்றுமையாக ஓட்டு விழுந்து நான் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் மருமகள் டியூட்டி முடிந்து வந்தவள், சமையலறையில் நின்று தேம்பித் தேம்பி அழுகிறாள். சாமியாத்தாள் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள். "ஐஸ் வெச்சவங்கெல்லாம் ஒம்பது, பத்துங்கறாங்க. வெக்காதவங்க ஒண்ணு, ரெண்டுங்கறாங்க. திங்கக்கெழமையிலிருந்து ஐஸை நிறுத்தச் சொல்லிட்டாங்க மேடம்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பத்துக்குப் பத்து வாங்கிப்போட்டு எதுக்குக் கண்ணு அழுவறே?" என்று கேட்டேன். அழுகை சட்டென்று நின்றது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "மாமா, பத்துன்னா தாங்கவே முடியாத வலிங்க. சைபர்னா வலியே இல்லைன்னு அர்த்தமுங்க." "அப்படீங்களா அம்மணி? பாய்கிட்ட நான் வேற மாதிரியல்ல சொன்னேன்?" என்றேன். "பாய்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றாள். சொன்னேன். மறுநாள் காலையில் எனக்கு வந்த காப்பியில் சர்க்கரை இல்லை.

ஆனால் உங்கள் மகள் கெட்டிக்காரி. அவளுக்கு முன்னாடியே சந்தேகம் தட்டியிருக்கிறது. பத்து என்று சொன்னவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே காலை மடக்குகிறார்கள், ரெண்டு என்று சொன்னவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வலி ஊசி கேட்கிறார்கள். "நம்பர் ஒண்ணு சொல்லுது, ஆளு ஒண்ணு சொல்றாங்க. எங்கியோ இடிக்குதுன்னு தெரிஞ்சுதுங்க, எங்கேன்னுதான் தெரியலீங்க" என்றாள். நான் ஒரு சுலபமான வழி சொன்னேன்: பத்தையெல்லாம் ரெண்டாக்கி, ரெண்டையெல்லாம் பத்தாக்கிவிட்டால் தீர்ந்தது. "அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லீங்க மாமா, பித்தலாட்டமுங்க" என்றாள். நேராக மேடத்திடம் போய் நடந்ததை அப்படியே சொல்லி, எழுதிய எண்களையெல்லாம் தள்ளிவிட்டு, முதலிலிருந்து செய்ய அனுமதி கேட்டாள். தன் குடும்பத்து ஆளால் வந்த வினை என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! மேடமும் சம்மதித்தார். 'மார்க்' என்கிற சொல்லையே தூக்கிவிட்டார்கள். "வலியே இல்லீங்களா, பொறுத்துக்கலாமுங்களா, பொறுக்கவே முடியலீங்களா?" என்று கேட்டு, ஒரு கோட்டில் விரல் வைத்துக் காட்டச் சொன்னார்கள். கேள்வி எப்படிப் புரிந்தது என்று நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். வலிக்கிறது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். முழங்கால் எவ்வளவு தூரம் மடங்குகிறது, வலி ஊசி எத்தனை தடவை கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதினார்கள். அது முடியும்வரை நான் வார்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று எனக்கு மட்டும் தனி உத்தரவு.

புரட்டாசியில் கணக்கு வந்தது சம்பந்தி! ஐஸ் வைத்தவர்களுக்கு வலி குறைவு, கால் நன்றாக மடங்குகிறது, ஊசியும் குறைந்திருக்கிறது. "மாயமெல்லாம் இல்லீங்க மாமா, வலி கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது. ஆனா நம்பிச் செய்யலாமுங்க" என்று அடக்கமாகச் சொன்னாள். பத்மாவதி மேடம் எல்லா நர்சுகளையும் கூட்டி, இனி மடக்குவதற்கு முன்னால் எல்லோருக்கும் ஐஸ் என்று அறிவித்துவிட்டார். போன வாரம் என் வலது முழங்காலுக்கு ஆபரேஷன் ஆகி அதே வார்டில் படுத்தபோது, ஹாரிகா கேட்காமலே ஐஸ் பையோடு வந்து நின்றாள். பிசியோதெரபிக்காரர் மடக்கினார். போன தடவை மேட்டுப்பாளையம் ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தியவன், இந்தத் தடவை "அட!" என்றேன், அவ்வளவுதான். வார்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமையாக இருக்கிறது சம்பந்தி, இப்படி ஒரு பெண்ணை வளர்த்துக் கொடுத்தீர்களே. அந்தக் கேள்வியில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது யார் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தோட்டம் செழிக்கட்டும், பால் பொங்கட்டும், உங்கள் முழங்கால்கள் பிறந்தபடியே நூறு வயதுவரை உழைக்கட்டும்.

இப்படிக்கு,
வெற்றிக் களிப்புடன்,
நஞ்சுண்டன்

பின்குறிப்பு: நேற்று டிஸ்சார்ஜ் ஆகும்போது ஹாரிகா ஒரு தாளைக் கொடுத்து, பத்துக்கு எத்தனை மார்க் என்று போடச் சொன்னாள். மறுபடியும் ஏமாறுவேனா? கால் சுகமாயிருந்தது, பெரிதாக ஒரு சைபர் போட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் பத்து என்றால் என்ன, சைபர் என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினேன், அவர்களும் சந்தோஷமாகச் சைபர் போட்டார்கள். இப்போதுதான் மோகனப்பிரியா டியூட்டி முடிந்து வந்தாள். அந்தத் தாள் வலிக்கு இல்லையாம். நர்சுகள் எப்படிக் கவனித்தார்கள் என்பதற்காம். ஆஸ்பத்திரியிலேயே இவர்கள் வார்டுதான் கடைசியாம், பத்மாவதி மேடம் விளக்கம் கேட்டிருக்கிறாராம். மாற்றுவதற்கு எனக்கு மூன்றாவது முழங்கால் இல்லாதது அந்த வார்டு செய்த புண்ணியம் என்கிறாள் சாமியாத்தாள்.