மகாராணிக்கு உடம்பு சரியில்லை

செடி இன்னொரு இலையை உதிர்த்தது. ஓட்டுநர் குனிந்து எடுத்தார். குப்பையில் போட மனம் வரவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பையில் ஏற்கெனவே ஒரு கைப்பிடி இலைகள் இருந்தன.

அவர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். தெருவில் இன்னும் ஓட்டுநர் என்றுதான் பெயர். செடி கார்டீனியா. எந்தக் காலத்திலும் பச்சை மாறாது. எண்ணெய் தடவியதுபோல இலை மினுங்கும். பூத்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும், தெருமுனை வரைக்கும் மணக்கும். குளிர் மட்டும் ஆகாது. கல்யாணமான புதிதில் மனைவிக்கு அவர் வாங்கிக்கொடுத்த முதல் பரிசு அது. பேருந்தில் தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துக் கொண்டுவந்தார்.

"மகாராணி வந்தாச்சா?" என்று மனைவி சிரித்தாள். அன்றிலிருந்து செடிக்கு அதுவே பெயர். அவரைக் கிட்டே விடமாட்டாள்.

"மகாராணிய நான் பாத்துக்கறேன். நீங்க உங்க பஸ்ஸப் பாருங்க."

காலையில் வண்டி வீட்டைக் கடக்கும்போது அவள் செடிக்கு முன்னால் நின்றிருப்பாள். அவர் ஹார்ன் அடிப்பார். அவள் திரும்பாமலே கையைத் தூக்குவாள். அந்தக் கை இன்னும் அவர் கண்ணுக்குள் நின்றது.

அவள் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகாராணி இளைக்கத் தொடங்கிவிட்டாள்.

தாகமாக இருக்கும் என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். இலைகள் மஞ்சளாயின.

"வேர் அழுகிடும்பா. தண்ணிய நிறுத்துங்க," என்றாள் மகள் தொலைபேசியில்.

நிறுத்தினார். மொட்டெல்லாம் கருகி விழுந்தது.

குளிர்காற்று வீசத் தொடங்கியதும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இடுப்பில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது. கூடத்தில் வெயில் இல்லை. படுக்கையறை ஜன்னலில் இருந்தது. அதை அடைத்துக்கொண்டு கட்டில் கிடந்தது. தொட்டியைக் கட்டில்மேல் ஏற்றினார், அவள் படுக்கும் பக்கமாக. இடுப்பின் மறுபக்கமும் பிடித்துக்கொண்டது. அவளுடைய கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். தொட்டியில் இருந்த எறும்புகள் மெத்தைக்குக் குடிமாறின. ஓட்டுநர் கூடத்துக்குக் குடிமாறினார்.

"செடிகிட்ட பேசிப் பாருங்கப்பா. நல்லதாம்," என்றாள் மகள் அடுத்த முறை பேசும்போது.

"என்னத்தம்மா பேசறது?"

"அம்மாகிட்ட பேசின மாதிரி பேசுங்க."

அதுதான் சிக்கல். அம்மாவிடம் அவர் அதிகம் பேசியதில்லை. பாதி வாழ்க்கையைச் சாலையைப் பார்த்தே கழித்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"சால்வை கதகதப்பா இருக்கா? கோவிச்சுக்காதே. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கொஞ்சமாவது தண்ணி குடி. நீயும் போயிட்டா இந்த வீட்டுல நான் யாரோட இருக்கறது?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் சட்டென்று நின்றது.

அடுத்த வீட்டுத் தையல்காரம்மா மனைவியின் உயிர்த்தோழி. கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்து கதவைத் தட்டினார்.

"அண்ணே, உள்ள யாரு?"

"யாருமில்லம்மா."

"யாருமில்லாததுக்கா சால்வை போர்த்திவிடறீங்க? எல்லாம் காதுல விழுந்துச்சு. அவ போயி வருஷம்கூடத் திரும்பல."

விறுவிறுவென்று அவரைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போனார். கட்டிலில் யாரோ தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சால்வையைப் பிடித்து இழுத்தார். மகாராணி மிச்சமிருந்த இலைகளில் பாதியை மெத்தையில் கொட்டினாள்.

தையல்காரம்மா செடியைப் பார்த்தார். எறும்புச் சாரையைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்ற மனிதரைப் பார்த்தார். வந்த கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"இதுக்கா அண்ணே இத்தனையும்?"

"அவ உயிரா வளத்ததும்மா. அவ இருந்தவரைக்கும் ஒரு இலை வாடி நான் பாத்ததில்ல. என் கைக்கு வந்ததும் எல்லாம் போச்சு." ஓட்டுநர் மெத்தையில் கிடந்த இலைகளைப் பொறுக்கினார். "நீங்க ரெண்டு பேரும் காலையில செடிகிட்டதானே நின்னு பேசிக்கிட்டிருப்பீங்க. அவ இதுக்கு என்ன போட்டான்னு சொல்லுங்க. அதையே நானும் போடறேன்."

தையல்காரம்மா அளவு நாடாவை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"சொன்னா வருத்தப்படக் கூடாது."

"மாட்டேன்."

"அந்த வாசம் அவளுக்குத் தலைவலிண்ணே, நீங்க ஆசையா வாங்கிட்டு வந்ததை வேண்டாம்னு சொல்ல மனசு வராம, அதுவாச் செத்துத் தொலையட்டும்னு, உங்க பஸ்ஸு அந்தப் பக்கம் திரும்பினதும் காபிச் சக்கையும் வினிகரும் மாத்தி மாத்தி ஊத்துவா, பாவிச் செடி ஊத்த ஊத்தத் தழைச்சுது."