சொல்லிவிட்டுக் களவெடுக்கிற அன்ரி

ஸ்காபரோ முழுக்கத் தேடினாலும் எங்கள் களவு அன்ரியைப் போல நேர்மையான கள்ளியைக் காண முடியாது. என் கோபமே அதுதான். ஒளித்து எடுத்திருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டு ஆறியிருப்பேன். இந்த மனுஷி முதல் நாளே ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிட்டல்லவா வருகிறார்!

"தம்பி, நாளைக்கு நாலு மணிக்குக் களவெடுக்க வாறன். கத்தரிக்கண்டு ரெண்டு, மிளகாய்க்கண்டு மூண்டு. நாயைக் கட்டி வையும்."

மோர்னிங்சைட்டில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். களவெடுத்து நட்ட கன்றுதான் தழைக்கும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. காசு கொடுத்து வாங்கினால் வாடும். கேட்டு வாங்கினால் பட்டுப்போகும். நம்பட்டும், எனக்கென்ன? ஆனால் மார்ச் மாதம், வெளியில் ஸ்னோ கொட்டும்போது, யன்னலோரம் கோப்பி கப்புகளில் விதை போட்டு, பிள்ளை மாதிரி வளர்த்து, மே லோங் வீக்கெண்டுக்கு மண்ணில் இறக்கியது நான். அதில் திறமான ஐந்தைப் பொறுக்கிக்கொண்டு போவது அவரா? என்ன நியாயம் இது?

ஒரு வருடம், சண்டையே வேண்டாமென்று இரண்டு கன்றைப் பையில் போட்டு அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனார்.

"ஏன் அன்ரி, பிடிக்கேல்லையே?"

"நான் என்ன பிச்சைக்காரியே? கொண்டுபோய் நடும். நான் வந்து எடுக்கிறன்."

நட்டேன். வந்து எடுத்தார். அதோடு விட்டாரா? ஓகஸ்ட்டில் வாசலில் வந்து நின்று முறைப்பாடு வேறு: "உம்மட்டைக் களவெடுத்த கத்தரி முழுக்கப் புழு விழுந்து சூத்தை, தம்பி. அடுத்த முறை நல்ல விதையாப் பார்த்துப் போடும்."

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனுஷி. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இந்தப் பாவத்தைச் சொல்வதில்லையா என்று ஒருநாள் மடக்கினேன்.

"சொன்னனான். சுவாமியார் திருப்பிக் குடுக்கச் சொன்னவர். வேர் பிடிச்சிட்டுது எண்டன்."

இந்த வருடம் எல்லை மீறிவிட்டார். முதல் தடவையாக நான் போட்ட செவ்வந்தி விதைகளில் மூன்றே மூன்றுதான் முளைத்தன. "உதிலை மட்டும் கை வைக்காதையுங்கோ அன்ரி" என்று ரெலிபோனிலேயே கும்பிட்டுக் கேட்டேன். "ஓம், ஓம்" என்றார். மறுநாள் எட்டிப் பார்க்கிறேன், கையில் செவ்வந்தி! வந்த ஆத்திரத்தில் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன். ஏச வாய் திறக்கவில்லை, வாசலில் பொலிஸ் கார் வந்து நின்றது. முன்வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள், யாரோ எங்கள் தோட்டத்து வளவுக்குள் புகுந்து கிண்டுகிறார் என்று அழைத்திருக்கிறார்கள்.

நல்லா வேணும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அன்ரியைப் பார்த்தேன். கன்றை நெஞ்சோடு அணைத்தபடி எனக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"பயப்பிடாதையுங்கோ. நான்தான் தந்தனான் எண்டு சொல்லுறன்."

"ஐயோ தம்பி, அப்பிடி மட்டும் சொல்லிப்போடாதேயும்!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இது அவரின்ரை கல்லறைக்கு. ரெண்டு வருஷமாக் கடையிலை வாங்கி வைச்சது எல்லாம் பட்டுப்போச்சு. இந்தத் தெருவிலை பூக்கண்டு போட்டது நீர் மட்டும்தான். குடுத்ததெண்டு சொன்னா இதுவும் பட்டுப்போயிடும்."

அன்ரியின் கணவர், எங்கள் அங்கிள், செத்து இரண்டு வருடம் என்று எனக்குத் தெரியும். இது தெரியாது.

பொலிஸ்காரர் கிட்ட வந்து, இந்தக் கன்றை நீங்கள் கொடுத்தீர்களா என்று என்னைக் கேட்டார்.

"இல்லை" என்றேன். "களவெடுத்தவர்."

"யெஸ், யெஸ்" என்று அன்ரி சந்தோஷமாகத் தலையாட்டினார்.

முறைப்பாடு செய்கிறீர்களா? இல்லை. அந்த மனுஷன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுதிய கொப்பியை மூடிக்கொண்டு காரில் ஏறினார். அன்ரி எனக்கு நன்றி சொன்னார் என்று நினைக்கிறீர்களா? மூச்! "மிச்சம் ரெண்டுக்கும் தண்ணி காணாது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அந்த இரண்டையும் பூச்சாடியில் மாற்றி, அவர் குனியாமல் எடுக்கக்கூடியதாக வேலியோரம் உயர்த்தி வைத்திருக்கிறேன். கொடுக்கவில்லை. கொடுக்க எனக்கென்ன விசரா பிடித்திருக்கிறது?