கரடி அறைந்ததும் வந்த நெட்

ஒரு காட்டில் அந்தக் கோடைக்குப் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். குளத்தில் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் ஆன்லைனில் முறை பதிய வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதியாத குடும்பம், மழை வரும்வரை ஓடைச் சேற்றை நக்க வேண்டியதுதான்.

பதிவதற்கு இருந்தது ஒரே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அதையும், காட்டில் வேறு எது ரிப்பேரானாலும் அதையும் பார்த்துக்கொண்டவன் இடும்பன் என்ற கீரி.

கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்கு நெட் போய்விட்டது. வெளியே கறையான் புற்றுவரை வரிசை. முதலில் நின்றவள் செங்கமலம் என்ற காட்டெருமை. கூடவே இரண்டு கன்றுகள்.

"என்ன தம்பி, ஆச்சா?"

"பார்த்துட்டிருக்கேன்க்கா."

இடும்பன் ஒயரைத் தடவிப் பார்த்தான். எலி கடிக்கவில்லை. கறுப்புத் திரையைத் திறந்து, மூலையில் இருந்த ரவுட்டருக்கு, 'இருக்கியா?' என்று கேட்கும் ஒரு பிங் அனுப்பினான். பதில் வந்தது. காட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு சர்வருக்கு, அதன் எண்ணைத் தட்டி அனுப்பினான். அங்கிருந்தும் பதில் வந்தது. அதே சர்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அப்படி யாரையும் தெரியாது என்றது கம்ப்யூட்டர்.

"அக்கா, லைன் நல்லாத்தான் இருக்கு. நம்பர் சொன்னா போகுது, பேரைச் சொன்னா முழிக்குது. எந்தப் பேருக்கு எந்த நம்பர்னு யாருகிட்ட கேக்கணும்ங்கிறதே இதுக்கு மறந்துபோச்சு."

"எனக்கும் கன்னு போட்டதிலேர்ந்து அப்படித்தான் இருக்கு" என்றாள் செங்கமலம்.

வரிசை நடுவிலிருந்து மாசிலாமணி என்ற கரடி உறுமினார். "ரெண்டு மணி நேரமா எழுத்துக்கூட்டி விளையாடுறான்யா! இங்க நாக்கு ஒட்டிக்கிட்டு நிக்கிறோம்."

இடும்பனுக்குக் காது சிவந்தது. பெயர்களை யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கும் ஃபைலைத் திறந்தான். காலி. நேற்றுப் போட்ட அப்டேட் அதைத் துடைத்துவிட்டிருந்தது. கேட்க வேண்டிய இடத்தின் எண்ணை ஒரே ஒரு வரியாக எழுதினான். சேமித்தான்.

சரியாக அந்த நொடியில் கரடி உள்ளே புகுந்தார். "இதுக்கெல்லாம் ஒரு போடு போடணும்!" என்று பெட்டியின் மண்டையில் ஓங்கி அறைந்தார்.

பதிவுப் பக்கம் திறந்தது.

"கரடியண்ணன் வாழ்க!" என்று காடே அதிர்ந்தது. "அது நான்..." என்று இடும்பன் ஆரம்பித்தது அவன் காதிலேயே விழவில்லை. வாயை மூடிக்கொண்டு எல்லோரையும் பதிந்து முடித்தான். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆமையும் வந்து பதிந்துவிட்டது. வெளியே கரடிக்கு மாலை போட்டு, நெட்வொர்க் அதிகாரி என்று பட்டமும் கொடுத்திருந்தார்கள். இடும்பனுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலை கரடியின் குகை வாசலில் பெருங்கூட்டம். முயல் போனோடு நின்றது, நரி பிரிண்டரோடு, மயில் டிவி ரிமோட்டோடு. "ஒரே ஒரு அறை விடுங்கண்ணே!"

கரடி அறைந்தார். போன் இரண்டானது. "மெதுவா அடிச்சிட்டீங்க, இன்னும் ஓங்கி அடிங்க" என்று முயல் அடுத்த போனை நீட்டியது.

மத்தியானம் கரடி பின்வாசல் வழியாக ஓடி, இடும்பனிடம் வந்து மூச்சு வாங்கினார். "தம்பி, உண்மையைச் சொல்லு. நேத்து நெட்டைச் சரிபண்ணது நீதானே?"

இடும்பன் வெயில் பாறையில் மல்லாந்து கிடந்தான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, காலையிலிருந்து ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை.

"சத்தியமா நீங்கதாண்ணே" என்று புரண்டு படுத்தான்.

நீதி: நீங்கள் செய்த வேலைக்கு அடுத்தவர் மாலை வாங்கினால் வாயைத் திறக்காதீர்கள், மாலையோடு வேலையும் அவர் வீட்டுக்கே போய்விடும்.