நன்றாக ஓடுகிறது என்று ஒரு புகார்

செத்துப்போன அம்மாவின் நினைவு ஆயிரத்து ஐந்நூறுக்கு விலை படிந்திருந்தது. கடன் இல்லை, ரொக்கம்.

"பேரம் பேசினியா?" என்றான் அவன். சோபா கடையில் விற்பனையாளனாக இருப்பவனுக்கு இடி விழுந்தாலும் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

"எதுக்குப் பேசணும்? ஐந்நூறு கேக்கலாமான்னு நான் யோசிக்கறதுக்குள்ள அந்தக் காயலான் கடைக்காரரே ஆயிரத்து ஐந்நூறுன்னுட்டார்," என்றாள் மனைவி. "மூடி உடைஞ்ச மெஷினுக்கு அதுக்கு மேல எந்த மகராசன் குடுப்பான்?"

குளியலறைக்கு வெளியே, நடையோரம், துணி துவைக்கும் மெஷின் நின்ற இடத்தில் இப்போது துருப்பிடித்த கால் தடங்கள் மட்டும் இருந்தன. யாரோ எழுந்து போன மாதிரி.

உண்மையிலேயே எழுந்து நடக்கக்கூடிய மெஷின்தான் அது. இரட்டைத் தொட்டி வைத்த பழைய ரகம். ஒரு தொட்டியில் துவைத்து, அடுத்ததில் போட்டுப் பிழிய வேண்டும். பிழியத் தொடங்கினால் நடக்க ஆரம்பித்துவிடும். யாராவது மேலே ஏறி உட்கார்ந்தால்தான் அடங்கும். அம்மா உட்கார்வாள். அந்த வீட்டில் அம்மா உட்கார்ந்து யாராவது பார்த்தார்கள் என்றால் அந்த நேரத்தில்தான். குலுங்கிக்கொண்டே பூண்டு உரிப்பாள், குலுங்கிக்கொண்டே திட்டுவாள். திட்டு துண்டு துண்டாக வந்து விழும்.

அவள் போன பிறகு அப்பா ஏறி உட்கார்ந்தார். ஞாயிறு தவறாமல். துணி பிழிந்து முடியும்வரை கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, தவம் மாதிரி. அவரைத் தனியாக விடக்கூடாது என்று மகன் பக்கத்தில் நிற்பான். வாரத்தில் அவன் நிம்மதியாகத் தூங்கக் கிடைத்த ஒரே காலை அது. காது அடைத்துப்போகும். ஆனாலும், "அம்மா கூடவே இருக்கிற மாதிரி இருக்குப்பா," என்று கத்துவான். அப்பா தலை ஆடும். அவராக ஆட்டினாரா, மெஷின் ஆட்டியதா என்று சொல்வதற்கில்லை.

அந்த மெஷினைத்தான், அப்பா அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, மருமகள் விற்றிருந்தாள். அப்பா நாளை மாலை திரும்புகிறார்.

"அம்மா போனப்ப மாசக்கணக்கா வாயே தொறக்காம இருந்தார்," என்றான். "திரும்ப எழுந்து நடமாடினதே அந்த மெஷினுக்காகத்தான். இப்ப அதையும் வித்துட்டோம்னு தெரிஞ்சா அக்கா வீட்டோட போயிடுவார். அப்புறம் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டார்."

மனைவியின் முகம் சுண்டிப்போனது. மாமனார் மேல் அவளுக்கு உள்ளபடியே பிரியம். "எனக்கென்னங்க தெரியும்? நானா கூப்பிட்டேன்? அந்த ஆளே வாசல்ல வந்து நின்னு, 'பழைய துவைக்கிற மெஷின் ஒண்ணு இருக்காமே'ன்னார்."

அவன் காயலான் கடைக்கு ஓடினான். கடைக்காரர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உடைச்சு எடைக்குப் போட்டாச்சே தம்பி."

"ஒரே நாள்லயா?"

"போனது போகட்டும். பழசைக் கிளறாதீங்க."

"நீங்க பண்ற தொழிலே அதானய்யா!"

கடைக்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது மேல உங்களுக்கு அவ்வளவு உசுரா?"

வாங்க வந்தவன் ஒரு பொருள் மேல் ஆசையைக் காட்டக்கூடாது என்பது வியாபாரத்தின் அரிச்சுவடி. அவன் கண் கலங்க, "உசுருதான்," என்றான். கடைக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடியும் இறக்கையைக் கழற்றப் போய்விட்டார். "மனுஷனாய்யா நீ? பொம்பளைய ஏமாத்தி வாங்கினியே, உருப்படுவியா?" என்று தெருவே கேட்கும்படி அவன் கத்தினான். அவர் அடுத்த திருகாணியைக் கழற்றினார்.

திரும்பி வரும் வழியில், அடுத்த தெரு மெக்கானிக் கடை வாசலில், நீல நிறப் பெயின்ட் காய, வெயிலில் நின்றிருந்தது அம்மாவின் மெஷின். மூடியின் உடைந்த மூலையை வைத்து அடையாளம் தெரிந்தது.

"ஐயாயிரம்," என்றார் மெக்கானிக்.

"நேத்து ஆயிரத்து ஐந்நூறுக்குப் போன மெஷின் இது!"

"நேத்து இது மெஷினா சார்? கயிறு போட்டுக் கட்ட வேண்டிய ஜென்மம். ஸ்பிரிங் மாத்தி, காலுக்கு ரப்பர் போட்டு, இப்பதான் மெஷின் ஆக்கியிருக்கேன்."

தினமும் பத்துப் பேரிடம் விலை பேசி வியாபாரத்தை முடிக்கிறவன், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டில் இறக்கி, துணியைப் போட்டு, பிழியும் திருகைத் திருப்பினான். கணவனும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"ஓடுதாங்க?"

"ஓடுது."

"சத்தமே காணோமே."

"அதைத்தான் நானும் பாக்கறேன்."

மெஷின் நின்ற இடத்தில் நின்று, பூனை உறுமுவது போலப் பிழிந்து முடித்தது. அதன் மேல் யாரும் உட்கார வேண்டிய அவசியமே இல்லை. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு மெக்கானிக்கை வரவழைத்தான்.

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார்," என்றார் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு. "ஓடலைன்னு கூப்பிடுவாங்க. ஒழுகுதுன்னு கூப்பிடுவாங்க. நல்லா ஓடுதுன்னு புகார் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

"பழையபடி ஆக்கிக் குடுங்க. எங்கம்மா மேல ஏறி உக்காந்தாதான் அடங்கும், அந்த மாதிரி."

"ரிப்பேருன்னா இருநூறு. கெடுக்கணும்னா நானூறு."

"அது என்னய்யா டபுள்?"

"ரிப்பேர் பண்ணா எனக்குப் பேர் வரும். கெடுத்தா இருக்கிற பேரும் போகும். அதுக்கும் சேர்த்து."

நியாயமாகத்தான் பட்டது. மெக்கானிக் இரண்டு ரப்பர்களைப் பிடுங்கினார், உள்ளே கையை விட்டு எதையோ தளர்த்தினார். திருகைத் திருப்பியதும் மெஷின் நடக்கவில்லை, ஓடியது. நேராகப் போய்க் குளியலறைக் குழாயை முட்டி உடைத்தது. தண்ணீர் பீய்ச்சியடித்தது. அது மறுபடி முட்டத் திரும்புவதற்குள் மனைவி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தாவி மேலே ஏறினாள். மெஷின் அவளையும் சுமந்துகொண்டு கூடம் நோக்கிக் கிளம்பியது.

"நி... றுத்... துங்... க! அங்... க என்... ன வே... டிக்... கை!"

அவன் பிளக்கைப் பிடுங்கினான். மெக்கானிக் ஓடிப்போய்த் தண்ணீர் வால்வை மூடினார். மாமியாரின் திட்டு ஏன் துண்டு துண்டாக வரும் என்று மருமகளுக்கு அன்றுதான் விளங்கியது.

மெக்கானிக் தரையில் குந்தி, ஒரு செங்கல்லைக் கையில் வைத்து யோசித்தார். "உள்ள கொஞ்சம் பாரம் வச்சா அளவா நடக்கும் சார். எவ்வளவு வைக்கணும்னு தெரியணும். உங்கம்மா என்ன எடை இருப்பாங்க?"

அம்மாவின் எடை அவனுக்குத் தெரியவில்லை. அவளைத் தூக்கியது ஒரே ஒரு முறைதான். அன்றைக்கு நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

"லேசா இருந்தாங்க," என்றான் கடைசியில்.

மெக்கானிக் செங்கல்லைப் பாதியாக உடைத்தார். பாதியை உள்ளே வைத்துக் கட்டினார். போகும்போது நானூறை வாங்கிக்கொண்டவர், படியிறங்கி நின்று, நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம் தின்னரால் நீலத்தைச் சுரண்டினார்கள். விடிந்ததும் பிளம்பர் வந்து குழாயை மாற்றினார். அவன் கடைக்கு லீவு சொன்னான். நகத்தடியெல்லாம் நீலமாக இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் அப்பா வந்தார். செருப்பை வாசலில் விட்டார். அக்கா வீட்டில் உடம்பு தேறியிருந்தார். முகத்தில் ஒரு தெளிவுகூட வந்திருந்தது. கை கால் கழுவ நடைப் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது... இங்கதான் இருக்கா?"

"வேற எங்கப்பா போகும்?" என்றான் மகன்.

அப்பா மெஷினையே பார்த்தார். மூடியைத் தொட்டார். கண்ணில் நீர் முட்டியது. மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லவேளை, நல்லவேளை என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

"ஒரு ஓட்டு ஓட்டலாமாப்பா?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லியேடா."

"அதனால என்ன? ஒரு வாரமா கேக்காம வீடே வெறிச்சுன்னு இருக்கு."

"என் துணி எல்லாம் தோய்ச்சுதான் கொண்டுவந்திருக்கேன்."

"மறுபடி தோய்ச்சா குறைஞ்சா போயிடும்? ஏறுங்கப்பா."

அப்பா மகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு துண்டை நாலாக மடித்து மூடியின் மேல் வைத்தார். மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மகன் திருகைத் திருப்பினான்.

கடகடவென்று வீடே அதிர்ந்தது. பாத்திரங்கள் சேர்ந்து பாடின. அதே சத்தம், அதே குலுக்கல். "அம்மா வந்துட்டாப்பா!" என்று கத்தினான் அவன், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. அப்பாவின் தலை ஆடியது.

அந்த நேரத்தில்தான் காயலான் கடைக்காரர் வாசலுக்கு வந்தார். பெரியவரின் செருப்பு கிடந்தது. அவர் திரும்பிவிட்டார் என்று புரிந்துகொண்டார். வாசலில் நின்றால் நடை தெரியாது. உள்ளே இரைச்சலாக இருந்ததால் தொண்டையைக் கனைத்து, தன்னால் முடிந்த மட்டும் உரக்கக் குரல் கொடுத்தார். அவர் ஆரம்பித்ததும் துணி பிழிந்து முடிந்து மெஷின் நின்றுபோனது. அந்த அமைதியில் அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் வீடு முழுக்கக் கேட்டது:

"பெரியவரே, 'அதுல உக்காந்து உக்காந்து என் இடுப்பே போச்சு, ஆனா பையன் அந்தச் சத்தத்துல உசுரையே வச்சிருக்கான், நான் ஊர்ல இல்லாதப்ப வந்து தூக்கிட்டுப் போயிடு'ன்னு நீங்க எங்கிட்ட குடுத்தது ரெண்டாயிரம்; அதுல மருமகப் பொண்ணுக்குக் குடுத்தது ஆயிரத்து ஐந்நூறு, வண்டிக்கு முந்நூறு, மிச்சம் இந்தா இருநூறு, கணக்கு நேர்; உங்க பையன்கிட்ட நடுத்தெருவுல நான் வாங்கின திட்டு மட்டும்தான் உங்க பேர்ல பாக்கி நிக்குது!"