கேஷ் அக்காவும் கடைசி ரெய்டும்

செல்போனைத் திட்டியே திருத்தும் ஆள் தமிழ்நாட்டில் ஒருவர்தான் உண்டு. பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்தை ஒட்டி ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் கேஷ் அக்கா. "ஓடறியா, ஓடவெக்கட்டுமா?" என்று அவர் ஒரு அதட்டு அதட்டினால் பாதி வீடியோக்கள் பயந்தே ஓடிவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரே வைத்தியம். "கேஷ கிளியர் பண்ணிரட்டுங்களா?" போனுக்குள் சேர்ந்துபோன பழைய குப்பையைத்தான் அப்படிச் சொல்வார். பேத்தியின் காதுகுத்து வீடியோ ஓடவில்லை என்று சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்த விவசாயி ஒருவர், இதைக் கேட்டதும் போனைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். "மாடு வித்த பணம் அதுலதாம்மா கெடக்குது. வீடியோவே வேணாம்!" அன்றிலிருந்துதான் அக்காவுக்கு அந்தப் பெயர்.

நான் அந்த ஊர்ப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். போன கோடையில் ஒரு கபடிப் போட்டிக்கு நடுவராக நின்றேன். கடைசி ரெய்டில் பாடிப்போன மலையூர் அணிப் பையன் பிடிபட்டான். கை நடுக்கோட்டைத் தொடவில்லை, அவுட் என்றேன். மலையூர் தோற்றது. அவ்வளவுதான், கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டது.

"எங்கிட்ட வீடியோ இருக்குது சார், பாத்துரலாம் வாங்க!" என்றார் மலையூர் மேனேஜர். போனில் இடமில்லை என்று படம்பிடித்த ஆட்டத்தை இணையத்தில் கிளவுடில் ஏற்றிவிட்டு, போனிலிருந்து அழித்திருந்தார். திறந்தால் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "நடுவரு ஏதோ பண்ணிட்டாருப்பா" என்று ஒரு குரல் கிளம்பியது. இரண்டு அணியையும் அக்கா கடைக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"மொதல்ல அவங்கவங்க டேட்டாவ ஆப் பண்ணுங்க! ஊருக்கே ஒரு டவரு. ஆளாளுக்கு உறிஞ்சுனா வீடியோ எங்கிருந்து வரும்?" என்று அதட்டினார் அக்கா.

எல்லாரும் அணைத்தார்கள். அக்கா கேஷை அழித்தார். வட்டம். வேறு பிரவுசரில் திறந்தார். வட்டம். 'வீடியோ தயாராகிறது, பிறகு பார்க்கவும்' என்று போன் பணிவாகச் சொன்னது.

"தயாராவறதுக்கு நீ என்னா கல்யாணப் பொண்ணா?" என்று அக்கா சீறினார். பிறகு, "சரி, அங்கியே பாக்கத்தான முடியல? எறக்கிப் பாத்துரலாம்" என்று டவுன்லோடு போட்டார்.

அது ஆடி அசைந்து இறங்கியது. கடையில் இருந்தது ஒரே பெஞ்சு. இரண்டு அணியையும் அதிலேயே நெருக்கி உட்காரவைத்து, அக்கா எல்லாருக்கும் மோர் ஊற்றினார். இரண்டாவது டம்ளரில் பேச்சு மழைக்கும் மரவள்ளி விலைக்கும் மாறிவிட்டது.

ஒருவழியாக வீடியோ ஓடியது. கடைசி ரெய்டு. பையன் விழுகிறான், கையை நீட்டுகிறான். சட்டென்று திரை முழுக்க இருட்டு. கைதட்டும் சத்தமும், "தொட்டுட்டான்! தொட்டுட்டான்!" என்று மேனேஜரின் சொந்தக் குரலும் மட்டும் கேட்டன. கைதட்டுவதற்காக மனிதர் போனை அக்குளில் இடுக்கியிருக்கிறார்.



"அக்குளத் தவிர ஒண்ணுந் தெரியலயே சாமி!" என்றார் அக்கா.

பெஞ்சே சாய்ந்துவிடும்போல எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர்தான் அதிகம் சிரித்தார். "உடுங்க சார், ஞாயித்துக்கெழம மறுக்கா ஆடிரலாம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நிம்மதியாக வண்டியை எடுத்தேன். என் வீட்டு வாசலில் வந்து நிறுத்தியபோதுதான் பின்னாலேயே ஒரு மொபெட் வந்து நின்றதைப் பார்த்தேன். அக்கா.

"ஒண்ணுமில்லீங்க சார். வழியில யாராச்சும் மடக்கிருவாங்களோன்னு கூடவே வந்தேன். உள்ள போங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். கடையைப் பூட்டக்கூட இல்லையாம்.