உடைந்த பதினோரு கம்பிகள் பற்றி மைத்துனருக்கு

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனருக்கு,

அத்தான் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா நலம். உட்காரும் நேரம் தவிர மற்ற நேரங்களில் நானும் நலம். உன் வீட்டில் பெரியவர் சிறியவர் அனைவரின் நலத்தையும் அறிய ஆவல். என் பணி ஓய்வுக்கு நீ ஆசையாக அனுப்பிய மலையேறும் மின்சார சைக்கிள் மட்டும் நலமில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ சிரிப்பாய். கடிதமென்றால் நீ சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

சைக்கிளை ஏன் அனுப்பினாய் என்பது எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் ஓய்வு பெற்ற மறுநாளே சும்மா இருக்க முடியுமா? அடுக்களையில் இருந்த டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் அளந்து, எது எத்தனை மில்லி குறைவு என்று சீட்டு ஒட்டினேன். உன் அக்கா தைக்கும் அறைக்குள் போய் அவளுடைய அளவு நாடா அரை சென்டிமீட்டர் நீண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். அன்று சாயங்காலம்தான் அவள் உனக்குப் போன் செய்தாள். "இந்த மனுஷனை வீட்டை விட்டு வெளியே கிளப்ப எதையாவது அனுப்புடா" என்று அவள் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகவே கேட்டது. போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை.

முதல் மூன்று வாரம் ராஜபோகம் மச்சான். அந்த மேட்டு ரோடு இருக்கிறதே, பஸ்கூட முனகிக்கொண்டு ஏறுமே, அதில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, காலை ஒப்புக்கு ஆட்டிக்கொண்டு, வியர்த்துக் கொட்டும் இளவட்டங்களைப் பார்த்துத் தலையசைத்தபடி ஏறிப் போனேன். நான்காவது வாரம் பின்னாலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். யாரோ கல்லெறிகிறார்கள் என்று நினைத்து, வேலையிலிருந்த காலத்து விரோதிகள் யார் யாரென்று மனதுக்குள் கணக்கெடுத்துக்கொண்டே வீடு வந்து பார்த்தால், பின் சக்கரத்தில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி உடைந்து தொங்குகிறது. முப்பத்தாறில் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். மறுவாரம் அதற்குப் பக்கத்திலேயே இரண்டு போயின. சக்கரம் கோணிக்கொண்டு சட்டத்தில் உரச ஆரம்பித்தது. உடைந்த துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டு மறைத்து வைத்தேன். அவை துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்க் கடகடவென்று கூப்பாடு போட்டு என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டன.

முனைக்கடை சைக்கிள்காரர் பார்த்தார். பின் சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருப்பதால் இதற்குக் குட்டையான, தடித்த கம்பி வேண்டும். அவரிடம் இருந்ததோ நெட்டைக் கம்பி. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்று மூன்றை மாட்டினார். மிஞ்சிய நுனி உள்ளே போய் டியூபைக் குத்திவிட்டது. பிறகுதான் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் சக்கரம் மட்டுமே கட்டும் ஓர் அம்மாள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். எல்லாரும் அவரைச் சக்கரக்காரம்மா என்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றி ஒவ்வொரு கம்பியையும் விரலால் மீட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"எல்லாம் தொளதொளன்னு இருக்கு சார். இறுக்கமான கம்பி உடையாது. தொளதொளன்னு இருக்கிறதுதான் ஆடி ஆடி கழுத்துல உடையும். உங்க எடை என்ன?"

"எண்பத்திரண்டு" என்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார். "எந்த வருஷம் சார்?"

எனக்குச் சுருக்கென்றது. அடுத்தவன் எடைக்கல்லைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவனிடம் கேட்கிற கேள்வியா இது! "எண்பத்திரண்டுதான்" என்று அடித்துச் சொன்னேன். அவரும் அந்த எடைக்குத் தகுந்த கம்பியாக மூன்றைப் போட்டு, கோட்டம் எடுத்துக் கொடுத்தார். மொத்தச் சக்கரத்தையும் பிரித்துத் தடித்த கம்பியாகக் கட்டினால்தான் நிற்குமென்றார். நான் கேட்கவில்லை. அதோடு விட்டேனா? கம்பி முறுக்கும் சாவி ஒன்று வாங்கி வந்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நானே இறுக்கினேன். தலைகீழாக நிறுத்தினால் இறுக்குவதும் தளர்த்துவதும் பார்வைக்கு இடம் மாறிவிடும் என்பது பிற்பாடுதான் உறைத்தது. சக்கரம் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தால் ஒட்டகச் சவாரி.

இந்த நிலையில்தான் போன வெள்ளிக்கிழமை வந்தது. நாடகக் குழுவுக்கு உன் அக்கா இருபது நாளாகக் கண்விழித்துத் தைத்த பதினான்கு உடைகள். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. முன்னதாகவே அரங்கத்துக்குப் போய்விட்டாள். "மூட்டையை நாலு மணிக்குள்ள ஆட்டோவுல கொண்டு வந்துடுங்க" என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னாள். நான் அதை சைக்கிளில் கட்டினேன். ஏன் என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. இறக்கத்தில் பாதி தூரம் வந்திருப்பேன், டிங், டிங், டிங் என்று வரிசையாக எட்டுக் கம்பி. சக்கரம் அப்பளம்போல் மடங்கிப் படுத்துவிட்டது. நான் விழவில்லை. சைக்கிள் எனக்குக் கீழே உட்கார்ந்தது, நான் அதன்மேல் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். உருட்டவும் முடியாமல், விட்டுப் போகவும் மனமில்லாமல், தோளில் சைக்கிளும் கையில் மூட்டையுமாக நடந்தேன். ஆட்டோ ஒன்றுகூட நிற்கவில்லை. என்னைப் பார்த்தால் யார்தான் நிறுத்துவார்கள்? மூச்சு முட்டி, கண் இருட்டி, எதிரே தெரிந்த ஒரு மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அது பழைய இரும்புக் கடைக்காரரின் பிளாட்பாரத் தராசு.

தெருவைப் பார்த்திருந்த எடை காட்டும் பெட்டியில் சிவப்பு எழுத்தில் 141 என்று வந்தது. கடைக்காரர் வெளியே ஓடி வந்தார். நல்ல மனிதர். இரண்டு வருடம் முன்பு எடை குறைகிறதென்று அவர் கடையை ஒரு வாரம் மூட வைத்தவன் நான்.

"வாங்க சார், சைக்கிளை எடைக்குப் போட வந்தீங்களா? நீங்க இறங்கிட்டீங்கன்னா சரியா சொல்லிடுவேன்."

சைக்கிள் இருபத்தைந்து, மூட்டை ஒன்பது. கழித்துப் பார்த்தேன். நூற்று ஏழு. மறுபடி கழித்தேன். மறுபடியும் நூற்று ஏழு. "உங்க தராசு தப்பு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. குனிந்து, தோளில் கிடந்த துண்டால் ஈய முத்திரையைத் துடைத்துக் காட்டினார். "சார், எட்டு மாசம் முன்னாடி நீங்களே மூணு மணி நேரம் நின்னு சோதிச்சு வச்ச முத்திரை. இந்தத் தெருவுலயே நாணயமான தராசு இதுதான்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே!" கடையில் வேலை செய்கிறவர்கள் நாலு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் என்ன செய்ய? என் கையெழுத்தை நானே மறுப்பதா?

அவரே தன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அரங்கத்தில் விட்டார். நாலேமுக்கால். ஐந்து மணிக்கு நாடகம். வாயில் குண்டூசிகளோடு உன் அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. மூட்டையைப் பிரித்தாள். ராஜா வேடக்காரரின் அங்கியில் துரு வாடை. அதை ராஜாவுக்கு மாட்டிவிட்டபடியே என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"விழுந்தீங்களா?"

"இல்ல. உக்காந்தேன்."

"அடி பட்டுச்சா?"

"இல்ல." என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "நூத்தியேழு" என்றேன்.

"என்னது நூத்தியேழு?"

"என் எடை."

அவள் கடைசி ஊசியையும் குத்திவிட்டுத்தான் திரும்பினாள். "எனக்குத் தெரியாதா? உங்க சட்டையெல்லாம் யார் தைக்கிறாங்க? நாலு வருஷமா உங்ககிட்ட சொல்லாம ரெண்டு ரெண்டு விரல் கூட்டித்தானே தைக்கிறேன்."

மச்சான், ஊரையே அளந்தவன் நான். என் வீட்டில் என்னை ஒருத்தி அளந்து, அளவையும் வெளியே சொல்லாமல், நாலு வருடம் என் மானத்தைத் துணியால் மூடி வைத்திருக்கிறாள். ராஜா அருகில் நின்றதால் அழ முடியவில்லை.

மறுநாள் சக்கரக்காரம்மாவிடம் போய் உண்மையான எடையைச் சொன்னேன். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா எட்டுக் கம்பி மிச்சம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளையே வாங்கி வைத்துக்கொண்டார்.

நன்றாக யோசித்து முடிவெடுத்துவிட்டேன். இந்த வயதில் எனக்கு ஏற்றது நடைதான். சைக்கிளை இனி தொடுவதாக இல்லை. தயவுசெய்து ஆள் அனுப்பி எடுத்துக்கொள். உன்மேல் எனக்கு வருத்தமில்லை. நீயும் குடும்பத்தாரும் எல்லா வளமும் பெற்று, நோய் நொடியின்றி, நேரான சக்கரங்களோடு நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: ஆளை அனுப்பிவிடாதே! கடிதத்தை முடித்து உறையில் போடும் நேரத்தில் சக்கரக்காரம்மாவே புதுச் சக்கரத்தை மாட்டிச் சைக்கிளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குக் கிளம்பினால், வாசலில் சைக்கிளைக் காணோம். உன் அக்காவையும் காணோம். நூல்கண்டு வாங்கப் போனாளாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நூல் கடை இரண்டு தெரு தள்ளி. இரண்டரை மணி நேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து, தலையெல்லாம் கலைந்து வந்து இறங்கினாள். மேட்டு ரோட்டின் உச்சி வரை போனாளாம். நூல் வாங்கவில்லை. உள்ளே போகும்போது, "சீட்டைக் கீழ இறக்கி வச்சிருக்கேன். ஏத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

முடிந்தால் இன்னொன்று அனுப்பு. கம்பி தடிமனாக இருக்கட்டும்.