வள்ளியூருக்குக் கொண்டு போன உப்புப் பானை

அய்யா உண்டு.

தாமரைக்குளம்,
கொல்லம் 1105 சித்திரை.

திற்பரப்பில் இருக்கும் மச்சினர் கிருஷ்ணமணிக்கு வைகுண்டமணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உம்முடைய அக்காள் பகவதியம்மாளும் சுகம். அங்கே நீரும் பிள்ளைகளும் பசுவும் கன்றும் சுகமாக இருக்க அய்யா துணை செய்வார்.

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளும். சில எழுத்து நின்றிருக்கும், சில எழுத்து படுத்திருக்கும். மை சிந்திய இடத்தில் எல்லாம் 'ழ' இருப்பதாக எடுத்துக்கொள்ளும்; அதைச் சுழிக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று என் கைக்குத் தெரியவில்லை. அய்யாவைக் கும்பிடும் நிழல்தாங்கலில் பெரியவர்களுக்கு நடத்தும் மாலை வகுப்பில் படித்து, இந்த வயதில் நானே எழுதும் முதல் கடிதம் இது. ஒவ்வொரு வரி முடிந்ததும் உம்முடைய அக்காளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். "அடுப்புல உல கொதிக்கி, பொறவு வாசியும்" என்கிறாள். சந்தோஷத்தில்தான் அப்படிச் சொல்கிறாள்.

முத்துக்கனி வள்ளியூரில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். தாய்மாமனாகிய நீர், அருவியில் குளிக்க விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லி வராமல் இருந்துவிட்டீர். நம் குடும்ப வழக்கம் உமக்குத் தெரியும். தகப்பன் கொண்டு வரும் உப்புப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பெண் புது வீட்டுக்குள் நுழைய வேண்டும். அதன் பிறகுதான் அடுப்பில் பால். அவள் மாமியார் சொர்ணம்மாளோ, "மலையாளத்து ஆளுக என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்காக? கடை உப்பு வாங்கி வச்சிருக்கேன். ஒங்கப்பன் வராட்டி அதான்" என்று சொல்லிவிட்டாளாம். முத்துக்கனி ஆளிடம் சொல்லி அனுப்பினாள்: "அப்பா, பிந்திராதீங்க. கடை உப்போட உள்ள போனேம்னா, இந்த வீட்ல ஆயுசுக்கும் எனக்குத் தல நிமுராது."

ஆகையால் நம் ஊர் உப்புப் பண்டகசாலையில் நல்ல உப்பாக வாங்கி, புதுப் பானையில் கொட்டி, மஞ்சள் துணியால் வாய் கட்டி, நாகர்கோயிலில் பஸ் ஏறினேன். மச்சினரே, என்ன வேகம்! முத்துக்கனியைக் கட்டிக் கொடுத்தபோது நாம் மாட்டு வண்டியில் போனது நினைவிருக்கிறதா? முந்தின நாளே புறப்பட்டு, கணவாய்க் காற்றில் வண்டியே பின்னால் தள்ளப்பட்டு, திருவிதாங்கூர் எல்லைச் சவுக்கையில் புகையிலை இருக்கிறதா என்று சேவகன் வைக்கோலுக்குள் கம்பியை விட்டுப் பார்க்க, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நீர் அலறியதில் மாடு மிரண்டதே! அப்போது போனால் நாலு நாள் இருந்து, சம்பந்தி வீட்டாரோடு சண்டை போட்டு, சமாதானமாகித் திரும்புவோம். இப்போது காலையில் போய் மாலையில் வந்துவிடுகிறார்கள். சண்டை போடக்கூட நேரம் கிடையாது.

சவுக்கையில் இப்போதும் சேவகன் இருக்கிறான். "பானையில என்ன பாட்டா, பொகயிலயா?" என்றான். "உப்பு மக்கா" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்த நேரத்திலயா அங்கோட்டு உப்பு கொண்டு போறீரு? பாத்துப் போவும்" என்றான். பானை உடையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான் என்று நினைத்து மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வள்ளியூரில் இறங்கினால், ஒரு பெரிய கூட்டம்! வெள்ளைத் தொப்பி வைத்த வாலிபன் ஒருவன் மாலையோடு நிற்கிறான். "தாத்தா, பானையில உப்பா?" என்றான். "ஆமா மக்கா, எங்க கடக்கரை உப்பு" என்றேன். உடனே மாலை என் கழுத்தில் விழுந்தது. எல்லோரும் ஜே போட்டார்கள். சீர் கொண்டு வருகிறவர்களை எதிர்கொண்டு அழைப்பது முறைதானே? சொர்ணம்மாளைத் தவறாக நினைத்துவிட்டோமே என்று எனக்குக் கண் கலங்கிப் போயிற்று. ஒரு வண்டியின் மேல் ஏற்றி, பேசச் சொன்னார்கள். சம்பந்தி வீட்டார் கேட்கும்போது மறுக்கலாமா? "இந்த உப்ப எவன் தடுத்தாலும் சரி, இன்னைக்கு வீட்டுக்குள்ள கொண்டு வச்சிட்டுத்தான் எனக்கு மறுவேல!" என்றேன். அவர்கள் போட்ட சத்தத்தில் வண்டி மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடியது.

பிறகு ஊர்வலம் புறப்பட்டது. ஒருவர் பானைக்குள் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணில் ஒற்றி, வேட்டி முனையில் முடிந்துகொண்டார். அடுத்தவரும் எடுத்தார். பெண்கள் முந்தானையில் முடிந்தார்கள். சீரை வழியிலேயே பங்கு வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று முதலில் சிரித்துக்கொண்டு நின்றேன். பானை இலேசாக ஆக ஆக, அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். "மக்கா, மகளுக்குக் கொஞ்சம் வையுங்க" என்றேன். "எல்லாரும் ஒங்க மக்கதான் தாத்தா!" என்று மறுபடியும் ஜே போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் போலீஸ் ஏட்டு வந்து என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"என்ன வேய், காந்தி உப்பா?"

"இல்ல ஏமானே, சீரு உப்பு."

"எங்க காய்ச்சினீரு?"

"காய்ச்சல்ல. பண்டகசாலையில வெலைக்கு வாங்கினது. காய்ச்சப் போறது பாலு."

"அப்பொ வண்டியில ஏறி நின்னு ஏன் வேய் பேசுனீரு?"

"மால போட்டாவ, பேசச் சொன்னாவ, பேசினேன்."

அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓடும் வேய், பால் பொங்கிரப் போவுது" என்றார். அந்தப் பக்கத்து அரசாங்கத்துக்கும் உப்புக்கும் ஏதோ மனஸ்தாபம் என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் புரியவில்லை.

நான் ஓட, கூட்டமும் பின்னால் ஓடி வந்தது. புது வீட்டு வாசலில் முத்துக்கனி கால் வைக்காமல் நிற்கிறாள். சொர்ணம்மாள் கையில் கடை உப்பு. என் பானையைப் பார்த்தாள். உள்ளே அடி தெரிந்தது.

"சம்மந்தி, சீரு எங்க?" என்றாள்.

முத்துக்கனி தலை குனிந்துவிட்டாள். மச்சினரே, அந்த நேரத்தை எழுத என்னிடம் எழுத்து இல்லை.

வெள்ளைத் தொப்பி வாலிபன் என்னையும் அவளையும் பார்த்தான். "தாத்தா, இது நெசமாவே மகளுக்குப் பால் காய்ச்சவா?" என்றான். "வேற எதுக்கு மக்கா?" என்றேன். அவன் வேட்டி முனையை அவிழ்த்து, முடிந்திருந்த சிட்டிகை உப்பைப் பானைக்குள் போட்டான். அடுத்தவர் போட்டார். முந்தானைகள் அவிழ்ந்தன. ஒரு கிழவி மட்டும், "எனக்குப் பாதி இருக்கட்டும்" என்று மறுபடி முடிந்துகொண்டாள். பானை நிறையவில்லைதான், ஆனால் தூக்கும்போது கனம் இருந்தது. முத்துக்கனி இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உள்ளே போனாள். சொர்ணம்மாள் கடை உப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "ஒரு பானை உப்புக்கு ஊரையே கூட்டிட்டு வந்திருக்கீகளே" என்றாள். அன்றைக்கு அத்தனை பேருக்கும் அவள்தான் பாயசம் ஊற்றினாள்.

ஆனாலும் என் உடம்பு இதையெல்லாம் தாங்காது. இனி எந்த வேகத்தில் பஸ் ஓடினாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை என்று உம்முடைய அக்காளிடம் சத்தியம் செய்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். வருகிற வாரமும் எழுதுவேன். சங்கதி இல்லாவிட்டாலும் கை பழக வேண்டுமே.

இப்படிக்கு,
வைகுண்டமணி (என் கையால்)

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் வெள்ளைத் தொப்பி வாலிபனிடமிருந்து ஆள் வந்தது. சீர் என்று சொன்னால் ஏட்டு விட்டுவிடுகிறாராம். செவ்வாய்க்கிழமை இதைவிடப் பெரிய பானையில் கொண்டு வரச் சொல்கிறார்கள். யார் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள் என்று சொல்லவில்லை. நல்ல காரியத்துக்குக் கூப்பிடும்போது மறுக்கலாமா? உம்முடைய அக்காளே பெரிய பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.